எங்கிட்ட இருக்கட்டும்

சரஸ்வதி பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பரண்மேல் இருந்த தகர டப்பாவை இறக்கினேன். பழைய மல்டிமீட்டர், தேய்ந்துபோன டெஸ்டர், வாய் மழுங்கிய கட்டிங் பிளேயர், கழற்றிப் போட்ட ஃபியூஸ்கள். என் பழைய வேலைக்காலம் மொத்தமும் அந்த டப்பாவுக்குள்தான் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்குவோம். டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தவள், சிவப்பு நூலில் கட்டிய ஒரு குட்டிச் சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எந்தப் பூட்டோடதுப்பா?"

சுண்டு விரலில் பாதிகூட இல்லாத சாவி. பீரோவுக்கும் சேராது, சைக்கிளுக்கும் சேராது. வாங்கி மூக்கருகே கொண்டு போனேன். நூலில் இன்னும் அந்த வாசனை இருந்தது. நிலக்கரித் தூளும் பெண்டோனைட் களிமண்ணும் பிசைந்த மணல், உருகிய இரும்பு பட்டுக் கருகும்போது எழுகிற வாசனை. ஃபவுண்டரியில் நாலு மழைக்காலம் வேலை பார்த்தவனுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

கோவையில் ஃபவுண்டரிகளுக்குக் குறைவில்லை. பம்ப்செட், மோட்டார், மில் இயந்திரம் என்று ஊர் வளர்ந்ததில் வார்ப்பிரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. பாலிடெக்னிக் முடித்த கையோடு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஃபவுண்டரியில் மெயிண்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். இரண்டு இண்டக்‌ஷன் ஃபர்னஸ், ஒரு மோல்டிங் லைன், அதற்கு மணல் பதப்படுத்தித் தரும் சேண்ட் பிளாண்ட். எந்த பெல்ட் எப்போது ஓட வேண்டும், மிக்ஸருக்குள் எத்தனை விநாடி தண்ணீர் விட வேண்டும் என்பதையெல்லாம் முன்பு அலமாரி அலமாரியாக ரிலேக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. நான் போனபோது அந்த இடத்தில், நிரல் எழுதி இயக்கும் கையடக்கமான ஒரு பிஎல்சி உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறப் பெட்டி. அதன் முகப்பில் ஒரு சாவித் துளை.

அந்தத் துளைக்கு நான்கு நிலைகள். ஸ்டாப் என்றால் நிரல் நின்றுவிடும். எம்ரெஸ் என்பது நினைவகத்தை அழிக்க. ரன்னில் இருந்தால் நிரல் ஓடும். லேப்டாப்பை மாட்டி அதைப் படிக்கலாம், திருத்த முடியாது. ரன்-பி என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தலாம். இதை வடிவமைத்தவர் ஒரு நுணுக்கம் செய்திருந்தார். சாவி ரன்-பியில் இருக்கும்வரை அதை உருவ முடியாது. ரன்னுக்கோ ஸ்டாப்புக்கோ திருப்பினால்தான் கையோடு வரும். ஆகவே சாவி ஒருவர் கையில் இருக்கிறதென்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் யாரும் கைவைக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எங்கள் ஃபவுண்டரியில் அந்தக் கை, ஃபோர்மேன் அண்ணாவுடையது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ரிலே காலத்திலிருந்து அங்கே இருப்பவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியில் காதைக் கொடுத்துக் கேட்டு, "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார், தாங்கும். பிஎல்சி சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. டைமரில் இரண்டு விநாடி கூட்ட வேண்டும் என்றாலும், அவர் எந்தக் கொட்டகையில் இருக்கிறார் என்று தேடிப்போக வேண்டும். வந்து திறந்துவிட்டு, நான் வேலை முடிக்கும்வரை பேனலுக்குப் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் கம்பெனியிலேயே இன்னொரு யூனிட்டில் சாவியை ரன்-பியிலேயே விட்டிருந்தார்கள். அதைச் சொல்லி ஒருநாள் சண்டையே போட்டேன்.

"ஏந் தம்பி, ஊட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டா தூங்குவீங்க?"

"இங்க யாருங்ணா வரப் போறாங்க?"

"வரமாட்டாங்க. ஆனா வேல முடிஞ்சா கதவச் சாத்தோணுமுங்க. எங்கிட்ட இருக்கட்டும்."

கொங்குப் பக்கத்து வழக்கம் அது. சின்னப் பையனோடு சண்டை போடும்போதும் 'ங்க' குறையாது.

அந்த வருஷத்து ஆயுத பூஜை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நாள் மாலையே எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, கழுவி, பேனல் கதவுகளில் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. ஃபர்னஸ் வாயில் மாலை. பூசணிக்காய் சுற்றி உடைத்து, பொரி கடலை பொட்டலத்தோடு எல்லோரும் கிளம்பினோம். மெயின் சுவிட்சை ஃபோர்மேன் அண்ணாதான் இறக்கினார். மூன்று நாள் கழித்து வந்து மின்சாரம் கொடுத்தபோது, சேண்ட் பிளாண்ட் எழவில்லை. பிஎல்சிக்குள் நிரலே இல்லை. வெறும் பெட்டி.

அந்தக் காலத்து பிஎல்சியில் நிரலைத் தாங்கி நின்றது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. மின்சாரம் இருக்கும்வரை பேட்டரி செத்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. மின்சாரம் போனால் நினைவும் போகும். பேட்டரி தீரப் போகிறது என்று முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து சொல்லும். அது ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. நான் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். பூஜைக்குப் பேனலைத் துடைத்தபோது அந்த விளக்குக்கு மேலேயே சந்தனம் வைத்ததும் நான்தான்.

என் லேப்டாப்பில் இருந்த நகல், ஏழெட்டு மாதத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு எத்தனை திருத்தம் செய்தோம் என்று எனக்கே நிச்சயமில்லை. மோல்டிங் லைன் ஆட்கள் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் அண்ணா தன் லாக்கரைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். நான் பேனல் முன்னால் உட்கார்ந்து மாற்றம் செய்த ஒவ்வொரு நாளும், பக்கத்தில் சும்மா நிற்கிறார் என்று நான் நினைத்த அவர், தேதி போட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தார். 'மிக்ஸர் தண்ணி 14லேர்ந்து 16. மூணாம் பெல்ட் முன்னாடி நிக்கோணும், ரெண்டாவது அப்பறம்.' பழைய நகலை ஏற்றி, அந்த நோட்டை வரிவரியாகப் படித்துத் திருத்தினோம். அவர் படிக்க, நான் தட்ட. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெல்ட் ஓடியது. அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சாவியை ரன்னுக்குத் திருப்பி, உருவி, இடுப்பில் முடிந்துகொண்டு போனார். அடுத்த வருஷத்திலிருந்து பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் வந்து, "பேட்டரி பாத்துட்டீங்களா தம்பி?" என்று கேட்பது மட்டும் தவறவே இல்லை.

பிறகு மின்வெட்டுக் காலம். 2012 வாக்கில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்களை கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபர்னஸுக்குள் உலோகம் இருக்கும்போது மின்சாரம் போனால் யார் எங்கே ஓட வேண்டும், யார் எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் கால்களிலேயே பதிந்துவிட்டது. அந்தக் கஷ்டம் ஒருநாள் எங்களைக் காப்பாற்றும் என்று அப்போது தெரியாது.

அதற்குச் சற்று முன்பு, 2010இல்தான் ஸ்டக்ஸ்நெட் செய்தி வந்தது. நதான்ஸில் இருந்த ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தை ஒரு கணினிப் புழு தாக்கியதாகச் செய்தித்தாளில் படித்தபோது, அது எங்கோ நடக்கும் உளவுக் கதையாகத்தான் இருந்தது. சில மாதங்கள் கழித்து, அந்தப் புழுவைப் பிரித்து ஆராய்ந்தவர்களின் அறிக்கையை இணையத்தில் தேடிப் படித்தேன். அது தேடித் தாக்கிய பிஎல்சிகளின் மாடல் எண்கள் அதில் இருந்தன. ஒன்று எஸ்7-315. கையில் இருந்த டீ ஆறிப்போக, எழுந்து சேண்ட் பிளாண்ட் பேனலைத் திறந்து பார்த்தேன். அதே எண். ஆண்டுக்கணக்காக நான் தூசி தட்டிவந்த அதே பெட்டி.

எங்களுக்கு அதனால் ஆபத்து இல்லை. குறிப்பிட்ட சில அலைவெண் மாற்றிகள் 807 முதல் 1,210 ஹெர்ட்ஸ் வரையிலான வேகத்தில் மோட்டார்களைச் சுழற்றுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். மணல் கலக்கும் மிக்ஸர் அதற்குத் தேவையில்லை. என்னை உலுக்கியது வேறு. புழு நிரலுக்குள் தன் வரிகளைச் சேர்த்துவிடும்; ஆனால் பொறியாளர் லேப்டாப்பை மாட்டி நிரலைத் திறந்து பார்த்தால் அந்த வரிகள் மட்டும் கண்ணில் படாது. லேப்டாப்பும் பிஎல்சியும் பேசிக்கொள்ளும் நடுவழியில் உட்கார்ந்து அது மறைத்துவிடும். நான் எதைப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுகிறேனோ, அதுவே பொய் சொல்லலாம். அன்று மாலை இதை ஃபோர்மேன் அண்ணாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டாரு சத்தம் மாறியிருக்குமுங்களே, அங்கத்த ஆளுக காதுல உளுகலீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை பல கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறேன். அவர் பெயரைச் சொல்லாமல், 'என் ஆசான் கேட்டது' என்று.

2017 மே மாதம் வானாக்ரை வந்தது. 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளில் கோப்புகளைப் பூட்டி, 300 டாலருக்கு பிட்காயின் கேட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி. ரெனோ கார் நிறுவனம் தன் சில ஆலைகளை நிறுத்தி வைத்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் தடுமாறின. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் இளைஞர், புழு ஒவ்வொரு முறையும் ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்து, அந்த முகவரியை 10.69 டாலருக்குப் பதிவு செய்தார். தட்டினால் பதில் கிடைக்கும் இடங்களில் எல்லாம் புழு அடங்கிவிட்டது. ஆபத்து தாண்டிவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். எங்கள் ஆலைக்குள் இருந்த நெட்வொர்க்குக்குத்தான் இணைய இணைப்பே கிடையாதே.

இரண்டு வாரம் கழித்து, வெளியிலிருந்து வந்த ஒரு சர்வீஸ் ஆள் தன் லேப்டாப்பை எங்கள் சுவிட்சில் மாட்டினார். அவர் மேல் குற்றமில்லை. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார், நாங்களும் வழக்கம்போல் அனுமதித்தோம். இணையம் இல்லாததே எங்களுக்கு வினையாகிவிட்டது. புழு அந்த முகவரியைத் தட்டிப் பார்த்தது. வெளியே போக வழியில்லாததால் பதில் வரவில்லை. பதில் வராததால் பரவியது. மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தது. நாங்கள் போடவில்லை. போட்டால் கணினியை நிறுத்தி எழுப்ப வேண்டும், அதற்கு ஃபர்னஸ் நிற்க வேண்டும், அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

செகண்ட் ஷிஃப்ட், சுமார் ஏழு மணி. ஃபர்னஸ் ஆபரேட்டர் போனில் கத்தினார். நான் ஓடிப்போனபோது, ஒரு திரையில் சிவப்புப் பெட்டி, பழைய எக்ஸ்பி கணினியில் நீலத்திரை. ஃபர்னஸுக்குள் ஒரு டன் இரும்பு, 1,450 டிகிரிக்குப் பக்கத்தில். அதைச் சுற்றியிருக்கும் செப்புக் காயலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் காயல் பழுத்து ஓட்டை விழும். ஒழுகும் தண்ணீர் உருகிய இரும்புக்கு அடியில் போனால் ஒரு நொடியில் ஆவியாகி, இரும்பை மேலே தூக்கி எறியும். ஃபவுண்டரிக்காரன் கனவிலும் பயப்படுகிற விஷயம் அது. அந்தத் தண்ணீரின் சூடு, ஓட்டம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்த திரைதான் போய்விட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து போன். "எல்லாத்தையும் உடனே ஆஃப் பண்ணுங்க" என்றார்கள். அலுவலகக் கணினிகளுக்கு அது மிகச் சரியான அறிவுரை. என் முன்னால் ஒரு டன் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை எப்படி ஆஃப் செய்வது? உறைந்தால் ஃபர்னஸின் உள்பூச்சு வெடித்துவிடும். கல்லாய்ப்போன இரும்பை நாள்கணக்கில் உளி வைத்துப் பெயர்க்க வேண்டும்.

எனக்குக் கை நடுங்கியது. ஃபோர்மேன் அண்ணா வந்தார். திரையை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். பேனலைத் திறந்து பிஎல்சியைக் காட்டினார்.

"ரன் லைட்டு எரியுதுங்களா?"

எரிந்தது, அசையாத பச்சை. விண்டோஸில் பரவும் புழுவுக்கு பிஎல்சி தெரியாது. கண்ணாடி உடைந்திருந்தது; முகம் அப்படியே இருந்தது.

"அப்பறம் என்னத்துக்குப் பயம்? உங்க பொட்டிய நீங்க பாருங்க, ஃபர்னஸ நாங்க பாக்கறோம்."

மின்வெட்டுக் காலத்துக் கால்கள் எழுந்துகொண்டன. ஓவர்ஹெட் டேங்க்கின் கேட் வால்வ் பக்கத்தில் ஒரு ஆள் போய் நின்றான். பம்ப் நின்றால் மேலிருந்து தண்ணீர் தானாக இறங்கும்படி. காயலிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் எங்கள் ஃபர்னஸில் திறந்த தொட்டியில் குழாய் குழாயாக விழும். ஃபோர்மேன் அண்ணா ஒவ்வொரு குழாயின் தண்ணீரிலும் விரலை நீட்டி, சூட்டைச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு பையன் சாக்பீஸால் சுவரில் எழுதினான். உலோகத்தின் சூட்டைப் பார்க்க டிப் தெர்மோகப்பிள் இருந்தது. அதற்குத் தனி மீட்டர், எந்தக் கேபிளோடும் உறவில்லை. உலோகத்தை லேடிலில் வாங்கி, தயாராக இருந்த அச்சுகளில் ஊற்றி முடித்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் சுவிட்ச் சுவிட்சாக ஓடி நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஃபர்னஸ் காலியானதும் கூரைக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்து டீயும் போண்டாவும் சாப்பிட்டோம். சுவரில் இருந்த சாக்பீஸ் எண்களை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மழை வந்து கரைக்கும்வரை இருந்தன.

அதன் பிறகுதான் நிர்வாகம் என்னைப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கென்றே ஐஇசி 62443 என்ற தரநிலை இருப்பதும், ஆலை நெட்வொர்க்கை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கும் பர்டூ மாதிரியும் எனக்கு அங்கேதான் தெரிந்தன. மோட்பஸ் மொழியைப் பற்றிப் படித்தது ஒரு தனி அதிர்ச்சி. 1979இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. இன்றும் எண்ணற்ற ஆலைகளில் இயந்திரங்கள் அதில்தான் பேசிக்கொள்கின்றன. அதில் 'நீ யார்?' என்று கேட்கிற வழக்கமே இல்லை. 'வால்வைத் திற' என்று யார் சொன்னாலும் திறக்கும். ஒரே கொட்டகைக்குள் தெரிந்தவர்கள் மட்டும் பேசிக்கொண்ட காலத்தில் பிறந்த மொழி, வேறெப்படி இருக்கும்? அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கொட்டகையின் சுவரை இடித்தது நாம்தான்.

பயிற்சி முடித்து வந்த வேகத்தில் ஒரு தவறு செய்தேன். நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, அலுவலகங்களில் செய்வதுபோல் ஸ்கேன் ஓட்டினேன். பட்டப்பகலில், உற்பத்தி நடக்கும்போது. சேண்ட் பிளாண்டில் இருந்த ஒரு பழைய தொடர்பு அட்டை அந்தக் கேள்விகளைத் தாங்காமல் மயங்கிவிட்டது. பெல்ட் நின்றது, மோல்டிங் லைன் நாற்பது நிமிடம் காத்திருந்தது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் இதைவிட மோசமான சம்பவம் உண்டு: நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று சும்மா தட்டிப் பார்த்ததற்கே, ஓய்வில் இருந்த ஒன்பது அடி ரோபோ கை ஒன்று 180 டிகிரி சுழன்றதாம். அதன் எல்லைக்குள் ஆள் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை. நான் அதை முன்பே படித்திருந்தேன். படித்தது கைக்கு வர நாற்பது நிமிட உற்பத்தி போக வேண்டியிருந்தது. பிறகு ஸ்கேனை மூடிவிட்டு, ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கேபிள் பின்னாலேயே நடந்தேன். மூன்று வாரம். எடைமேடைக்குப் பின்னால், எப்போதோ யாரோ வைத்து மறந்த ஒரு வைஃபை ரவுட்டர் சிலந்தி வலைக்குள் கண் சிமிட்டிக்கொண்டிருந்ததை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லியிருக்காது.

யுஎஸ்பி துளைகளை அடைத்த கதையும் உண்டு. ஆபரேட்டர்கள் ஃபர்னஸ் கணினியில் செல்போனை மாட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து, எல்லாத் துளைகளுக்கும் பூட்டு போட்டேன். எச்சரிக்கை நோட்டீஸும் ஒட்டினேன். ஒரு வாரத்தில் பாதிப் பூட்டுகள் பெயர்ந்து கிடந்தன. கோபத்தோடு நைட் ஷிஃப்டுக்குப் போய் நின்றேன். ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார்ஜ் போட எங்கயும் பிளக் பாயிண்ட் இல்லீங்ணா. ஊட்ல சம்சாரம் மாசமா இருக்குது, போன் ஆஃப் ஆயிட்டா பயந்துக்கும்." மறுநாள் லாக்கர்களுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பிளக் பாயிண்ட் வைத்த ஒரு போர்டு அடித்துக்கொடுத்தோம். அதன் பிறகு பூட்டுகளை யாரும் தொடவில்லை. என் வேலைக்காலத்தில் இதுவரை நான் செய்த மிக நல்ல பாதுகாப்பு ஏற்பாடு எது என்று கேட்டால், அந்த போர்டைத்தான் சொல்வேன்.

2017 கடைசியில் இன்னொரு செய்தி. சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலை. விபத்து நேரும்போது ஆலையை நிறுத்திக் காப்பாற்ற வேண்டிய பாதுகாப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே யாரோ நுழைந்திருந்தார்கள். ட்ரைட்டன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நுழைந்தவர்களின் நிரலில் இருந்த ஒரு பிழையால் பெட்டி தானே ஆலையை நிறுத்திவிட, விஷயம் வெளிவந்தது. அறிக்கையில் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சாவி இருந்தது. ரன் நிலையில் இருக்க வேண்டிய அது, புரோகிராம் நிலையில் விடப்பட்டிருந்தது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் ஃபோர்மேன் அண்ணாவிடம் தமிழில் சொன்னேன். 'அன்றைக்குச் சண்டை போட்டேனே' என்று தொடங்கினேன். மேலே சொல்ல வரவில்லை. அவர் தாளை வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "பாவம், அவசரத்துல மறந்திருப்பாங்க" என்றார்.

அடுத்த வருஷம் பழைய பிஎல்சியைக் கழற்றிப் புதியது வைத்தோம். புதிய மாடலில் சாவி இல்லை. நிரல் மெமரி கார்டில் இருக்கும், பேட்டரியும் வேண்டாம். கதவைக் கடவுச்சொல் காக்கும். பேனல் கழற்றிய அன்று சாயங்காலம், ஃபோர்மேன் அண்ணா பழைய சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்து, பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த சிவப்பு நூலில் கட்டி, என் உள்ளங்கையில் வைத்தார். அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. நான் அந்தக் கடவுச்சொல்லை அவருக்கும் சொன்னேன். விதிப்படி சொல்லியிருக்கக் கூடாது. அவர் கேட்டுவிட்டு, "எனக்கெதுக்குங்க தம்பி, மாத்தி வெச்சுக்கோங்க" என்றார். அன்றே மாற்றினேன்.

2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினிய நிறுவனத்தின் கணினிகளையும் இப்படிப் பூட்டிப் பணம் கேட்டார்கள். உலகெங்கும் சுமார் 35,000 பேர் வேலை செய்யும் நிறுவனம். கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்து, பல ஆலைகளைக் கையாலும் காகிதத்தாலும் ஓட்டினார்கள். பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் உதவிக்குத் திரும்பி வந்தார்கள் என்று படித்தபோது, சுவரில் சாக்பீஸ் எண்கள் எழுதிய இரவு அப்படியே கண்முன் வந்தது. இப்போது இதே பாதுகாப்பு வேலைக்காகப் பல ஆலைகளுக்குப் போகிறேன். ஃபயர்வால், கண்காணிப்புத் திரை எல்லாம் கேட்டு வாங்குகிறார்கள்; வேண்டியதுதான். நான் கூடவே ஒன்று கேட்பேன்: திரை இல்லாமல் இதை ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அடுத்த மூன்று வருஷத்தில் ஓய்வு பெறுபவர்கள் யார்? பல இடங்களில் இந்தப் பட்டியல் கிடையாது. எனக்கு அது தீரப் போகும் பேட்டரியின் சிவப்பு விளக்கைப்போல் தெரிகிறது. நச்சரித்து எழுத வைத்துவிட்டுத்தான் வருவேன்.

போன மாதம் ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலை. வேறு கம்பெனி பிஎல்சி; அதில் இன்னும் சாவி உண்டு. பேனலைத் திறந்தால், வருஷக்கணக்கில் திருத்தம் செய்யும் நிலையிலேயே நின்று, தூசி படிந்திருந்தது. கூட வந்த எலெக்ட்ரீஷியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ரன்னுக்குத் திருப்பச் சொன்னேன். திருப்பி, உருவி, கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தான்.

"உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. ஒரு நோட்டு வாங்கிக்கோங்க."

இதையெல்லாம் மகளிடம் எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் சாவியை உருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிரித்துக்கொண்டே அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டார் ஓடும் சத்தம் முதலில் வந்தது, பிறகு குரல்.

"தம்பி, பூசை வருதுங்களே. பேட்டரி பாத்துட்டீங்களா?"

பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம் நான் பார்க்கும் ஒவ்வோர் ஆலையிலும் நகலை எடுத்து, மேசைமேல் வைத்த உபரி பிஎல்சியில் ஏற்றி, எழுகிறதா என்று ஓட்டிப் பார்ப்பேன். இந்த வருஷம் ஏழு ஆலைகள். ஏழாவதை வெள்ளிக்கிழமை முடித்திருந்தேன்.

"பாத்துட்டேங்ணா."

"செரி" என்றார். மோட்டார் சத்தத்தை இருவரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். மகள் குங்குமச் சிமிழைத் திறந்து, சாவிக்கு ஒரு பொட்டு வைத்தாள்.